இரண்டு விரல்

மார்ச் கடைசி.
ஓகா ஆற்றின் உறைபனிமேல்
இன்னும் ஆட்கள் நடக்கிறார்கள்,
போன வாரத்தைவிடக் கொஞ்சம் வேகமாக.

பாவ்லவோ ஊரில் ஜன்னலுக்கொரு எலுமிச்சை.
எங்களுடையது ஜன்னலையே அடைத்துக்கொண்டது.
பன்னிரண்டு வருடமாக ஒரே எனாமல் வாளி.
ஊற்றிய தண்ணீர் ஊற்றிய வேகத்தில்
அடித்தட்டில் வந்து நிற்கிறது.
உள்ளே மண் என்று எதுவும் மிச்சமில்லை போலும்.

ஒருவர் தண்டைப் பிடிக்க வேண்டும்,
ஒருவர் வாளியை இழுக்க வேண்டும்.
ஆகவே அர்காதியை அழைத்தேன்.

அக்டோபரில், நீதிமன்றத்தில்,
எல்லாவற்றையும் பிரித்தாயிற்று.
கார் அவனுக்கு, சலவை இயந்திரம் எனக்கு.
மரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
மாடிப்படி வளைவில் அது திரும்பாது என்று
இருவருக்கும் தெரியும்.

வந்தான்.
பூட்ஸைக் கழற்றிவிட்டு
விருந்தாளிச் செருப்பு எது என்று கேட்டான்.
கையில் நீல பிளாஸ்டிக் தொட்டி;
ஒரு குழந்தையைக் குளிப்பாட்டலாம், அவ்வளவு பெரிது.
"இனிப் பத்து வருடத்துக்குக் கவலையில்லை."

எப்போதும் இப்படித்தான் இவன்.

இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் வகையில்லை இது, என்றேன்.
இடம் கூடினால்
வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கும்,
தங்கிய ஈரம் புளிக்கும்,
புளித்தது வேரைத் தேடி வரும்.
பழையதைவிட இரண்டு விரல் அகலம் போதும்.

"யாருடைய விரல்?" என்றான்.

பேருந்துத் தொழிற்சாலையின் எண்ணெய் ஏறிய விரல்கள்.
நான் என்னுடையதைக் காட்டினேன்.

கத்தியை வாளியின் உள்விளிம்பில் விட்டு
ஒரு சுற்று.
பிறகு இன்னொரு சுற்று.
பக்கவாட்டில் சாய்த்து, முழங்காலால் தட்டி,
இழு என்றேன். இழுத்தான். நீ இழு என்றான்.
கீழ்வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார்.
அப்புறம், பல் பிடுங்கியதுபோல்,
சட்டென்று.

வாளி இல்லாமலே வாளியாக நின்றது வேர்.
அடிப்பள்ளம், விளிம்பின் மடிப்பு,
துருப்பிடித்த ஓட்டை இருந்த இடம்கூட
அப்படியே.
பார்த்துக்கொண்டு நின்றோம்.

பென்சில் முனையால் ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.
வெளுத்தவை இருக்கட்டும்,
கறுத்து நாறுபவை போகட்டும்.
அவன் கத்தரித்தான், நன்றாகவே கத்தரித்தான்.
நடுவில் ஏதோ டங்கென்றது.

தேக்கரண்டி.
ஆறில் காணாமற்போன ஆறாவது.
வேர்கள் அதன் கழுத்தைச் சுற்றி
மோதிரம் போட்டிருந்தன.
என்றோ நான்தான் மண்ணைக் கிளற எடுத்திருப்பேன்.
அவன் தங்கை லரீசா எடுத்துக்கொண்டாள் என்று
ஒரு வருடம் அவளோடு பேசாமலிருந்தேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
குழாயில் கழுவினான்,
துடைத்தான்,
சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அடியில் ஓட்டுச் சில்லுகள், அதன்மேல் ஆற்றுமணல்,
இலைமக்கு, கொஞ்சம் கரித்தூள்.
தண்டில் பழைய மண்கோடு எங்கேயோ
அங்கேதான் புதியதும்;
ஒரு விரற்கடை கூடப் புதைந்தாலும்
கழுத்து அழுகும்.
வெதுவெதுப்பான தண்ணீர்.

தூக்கி ஜன்னலில் வைக்கும்போதுதான் உறைத்தது:
வெளிச்சத்தைப் பார்த்திருந்த பக்கம் எது?
திருப்பி வைத்தால் கோபித்துக்கொண்டு
இலையெல்லாம் உதிர்த்துவிடும்.
சாக்கட்டியால் கோடு போட
இந்த வருடம் மறந்துவிட்டேன்.

அர்காதி மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.
கிளைகளுக்குள் முழங்கையை விட்டுப் பார்த்தான்.
"இந்த முள்
கட்டிலிலிருந்து எழும்போதெல்லாம்
என் சட்டையைப் பிடிக்கும்.
இது அறைப் பக்கம்."

அப்படியே வைத்தோம்.

தேநீர் குடிக்காமல் போனான்.
நீலத் தொட்டியை எடுத்துப்போக மறந்தான்,
அல்லது மறக்கவில்லை.
உருளைக்கிழங்கு போட்டு வைத்திருக்கிறேன்.

மூன்று வாரத்தில் உதிர்ந்தவை பதினோரு இலை.
லரீசாவின் எண்ணை எடுத்துப் பார்த்தேன்,
மூடிவைத்தேன்.
இன்று காலை, முள்ளுக்குச் சற்று மேலே,
அரிசியளவு ஊதா மொட்டு.
பன்னிரண்டாவது இலையும் இன்றுதான் விழுந்தது.